சம்பளமும் சுதேசமும்

1989ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 7ஆம் தேதி ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்தில் கூடிய சர்வதேசக் கூடைப்பந்தாட்ட சம்மேளனம், அமெரிக்காவின் என்.பி.ஏ. என்னும் தொழில்முறை லீகில் ஊதியம் பெற்று ஆடுகிறவர்களும் இனித் தத்தம் தேசத்தின் அணியில் சேர்ந்து ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொள்ளலாம் என்று 56 வாக்குகளுக்கு 13 வாக்குகளாகத் தீர்மானித்தது. அதை எதிர்த்து வாக்களித்தவர்களுள் அமெரிக்கப் பிரதிநிதிகளும் இருந்தார்கள் என்பது, பின்னால் நிகழ்ந்தவற்றை மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பைத் தரும். பார்சிலோனாவில் உலகத்தையே மயக்கிய அணி ஒன்றை அமெரிக்காவுக்கு அளித்தது அந்தத் தீர்மானமே என்று இன்று எல்லோரும் சொல்லுகிறோம்; ஆனால் அன்று அமெரிக்கச் சங்கத்தார் அதைக் கேட்கவும் இல்லை, விரும்பவும் இல்லை. கேட்டவர்கள் பிற தேசத்தார். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு கடந்த முப்பத்தைந்து வருஷச் சரித்திரத்தை வாசித்தால், அது அமெரிக்க வீரர்களின் வெற்றிக் கதையாக மட்டும் தோன்றாது. சம்பளம் கொடுக்கும் கிளப்புக்கும் பிறப்பித்து வளர்த்த தேசத்துக்கும் இடையே ஓர் ஆட்டக்காரனுடைய காலத்தையும் தேகத்தையும் பற்றி நடந்துவரும் நெடிய வழக்கொன்றின் வரலாறாகவே தோன்றும்.

ஊதியம் பெறாதவனே ஒலிம்பிக்கில் ஆடத் தகுந்தவன் என்ற பழைய கொள்கை, கூடைப்பந்தாட்டத்தைப் பொறுத்தவரையில், ஆரம்பம் முதலே ஓட்டை விழுந்த கொள்கையாக இருந்தது. இவ்வாட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1936ஆம் வருஷத்தில், பெர்லினில், திறந்தவெளியில் மண் தரையின்மேல் மழைக்கு நடுவே இறுதி ஆட்டம் நடந்தது. பந்தைத் தரையில் தட்டினால் எழும்பாத அந்தச் சேற்றில் அமெரிக்கா கனடாவை 19-8 என்று வென்றது. அப்போதே அமெரிக்க அணியில் பல்கலைக்கழக மாணவர்களைவிட, வர்த்தக நிறுவனங்களின் அணிகளில் ஆடியவர்கள் மிகுந்திருந்தார்கள். ஓக்லஹோமா மாகாணத்திலிருந்த ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனி தன் அணிக்காக நல்ல ஆட்டக்காரர்களை உத்தியோகத்தில் அமர்த்திக்கொண்டது. ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள பாப் கர்லண்ட் என்பவர் தொழில்முறை லீகை நாடாமல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்து, 1948, 1952 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் தங்கப் பதக்கம் பெற்றார். சோவியத் நாட்டிலோ ராணுவ அதிகாரி என்றும் மாணவர் என்றும் பதிவு பெற்றிருந்தவர்கள் வருஷம் முழுவதும் பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்தார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கிளப்புகள் வெளிப்படையாகவே சம்பளம் கொடுத்தன. அவர்களையும் சர்வதேச சம்மேளனம் தடுக்கவில்லை. ஆக, உலகத்தில் ஊதியம் வாங்கிய ஆட்டக்காரர் அத்தனை பேருக்குள்ளும் என்.பி.ஏ.வில் ஊதியம் வாங்கியவருக்கு மட்டுமே கதவு அடைபட்டிருந்தது.

அந்தக் கதவினால் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்கர் அல்லர் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு மாணவர்களை அனுப்பினாலே போதுமானதாக இருந்தது. 1936 தொடங்கி 1972ஆம் வருஷத்து ம்யூனிக் இறுதி ஆட்டத்தில் சோவியத் அணியிடம் 51-50 என்று தோற்கும் வரையில் அந்நாடு ஒலிம்பிக்கில் தொடர்ச்சியாக 63 ஆட்டங்களை வென்றிருந்தது. பிரேசில் நாட்டு ஆஸ்கார் ஷ்மிட் போன்ற ஒருவருக்குத்தான் அந்தக் கதவு வாழ்க்கைப் பிரச்சினையாக நின்றது. 1984ஆம் வருஷத்தில் நியூ ஜெர்ஸி நெட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. போயிருந்தால் அக்காலத்து விதிப்படி பிரேசில் அணியின் உடுப்பை அவர் மறுபடி அணிய முடியாது. ஆகவே அவர் போகவில்லை. மூன்று வருஷங்களுக்குப் பிறகு, இண்டியானாபொலிஸ் நகரத்தில், அமெரிக்கருடைய மண்ணிலேயே, பான் அமெரிக்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் 46 புள்ளிகள் எடுத்து, அமெரிக்க அணியை 120-115 என்று பிரேசில் தோற்கடிப்பதற்கு அவர் காரணமாக இருந்தார். ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடி, அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளைக் குவித்த அவர், என்.பி.ஏ.வில் ஒரு நிமிஷமும் ஆடாமலே ஓய்வு பெற்றார். ஒரு மனிதன் தன் தொழிலின் சிகரத்தையும் தன் தேசத்தையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்து ஒன்றைத் துறக்க வேண்டுமென்று நிர்ப்பந்திக்கிற விதி எப்படித் தர்மமாகும் என்று கேட்டவர்கள் பலர். கேட்டதோடு நிற்காமல் அவ்விதியை மாற்றுவதற்கு உழைத்தவர் ஒருவர்.

அவர் போரிஸ்லாவ் ஸ்டான்கோவிச். யுகோஸ்லாவியாவைச் சேர்ந்தவர், கால்நடை வைத்தியம் படித்து, மாமிசப் பரிசோதகராக உத்தியோகம் பார்த்தவர், 1950இல் ப்யூனஸ் அயர்ஸில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் தம் நாட்டுக்காக ஆடியவர், பின்னர் இத்தாலியில் கான்டூ நகரத்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்து 1968இல் அதைத் தேசிய சாம்பியன் ஆக்கியவர். 1974ஆம் வருஷத்தில் அமெரிக்காவுக்குச் சென்று அங்கே தொழில்முறை ஆட்டங்களை நேரிலே கண்டபோதுதான், உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் இல்லாமல் உலகப் போட்டி என்று ஒன்றை நடத்துவதில் உள்ள அர்த்தமின்மை அவர் மனத்தில் தைத்தது. 1976 முதல் 2002 வரையில் சம்மேளனத்தின் பிரதான காரியதரிசியாக இருந்த அவர், இந்த ஒரு கருத்தைச் சலிக்காமல் எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். 1988இல் சியோலில் அமெரிக்க மாணவர் அணி சோவியத் அணியிடம் 82-76 என்று தோற்ற அவமானந்தான் தொழில்முறையாளரை ஒலிம்பிக்குக்குக் கொண்டுவந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். காலக்கிரமத்தைப் பார்த்தால் அது பொருந்தாத கூற்று. தோல்வி அமெரிக்க ஜனங்களின் மனத்தைப் பக்குவப்படுத்தியது உண்மை. ஆனால் விதையை ஊன்றியவர் பதினாலு வருஷங்களுக்கு முன்பே ஊன்றிவிட்டார். பலவான் ஒருவனோடு மோதித் தோற்றாலன்றி மற்றவன் பலம் பெறமாட்டான் என்பதே அவர் வாதத்தின் சாரம். தம்முடைய தேசத்தாருக்கு உடனடியாகக் கிடைக்கப்போவது படுதோல்வி என்று தெரிந்தே அவர் அதை விரும்பினார். இந்த நெஞ்சுரத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

1992ஆம் வருஷத்து பார்சிலோனாவைப் பற்றி இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மைக்கேல் ஜோர்டான், மாஜிக் ஜான்ஸன், லாரி பேர்டு முதலானோர் அடங்கிய பன்னிருவரில் ஒருவர் மட்டுமே மாணவர். அங்கோலாவை 116-48 என்று தொடங்கி, குரோஷியாவை 117-85 என்று முடித்த அந்த அணி, ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 44 புள்ளி அளவு வித்தியாசத்தில் வென்றது. பயிற்சியாளர் சக் டேலி தொடர் முழுவதிலும் ஒரு தடவைகூட ‘டைம் அவுட்’ கேட்கவில்லை.

நான் நெடுநேரம் நின்று பார்க்க விரும்புவது அந்த மேடையின் மற்ற இரண்டு படிகளை. வெள்ளிப் பதக்கம் பெற்ற குரோஷியாவும் வெண்கலம் பெற்ற லிதுவேனியாவும் அப்போதுதான் தனித் தேசங்களாக உலகத்தில் கால் வைத்திருந்தன. நாலு வருஷங்களுக்கு முன் சோவியத் அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த ஆட்டக்காரர்களில் முக்கியமான பலர் லிதுவேனியர்கள். அவர்கள் அந்தப் பதக்கத்தை வேறொரு கொடியின்கீழ் வாங்கினார்கள். இப்போது தேசம் இருந்தது, அணி அனுப்பப் பணம் இல்லை. அவர்களுள் ஒருவரான ஷாரூனாஸ் மார்சியுலியோனிஸ் 1989இலேயே கலிபோர்னியாவுக்குச் சென்று கோல்டன் ஸ்டேட் அணியில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர். அவரே முன்னின்று பணம் திரட்டலானார். கிரேட்ஃபுல் டெட் என்னும் அமெரிக்கப் பாட்டுக் கோஷ்டியார் இதைக் கேள்வியுற்றுப் பொருளுதவி செய்ததோடு, லிதுவேனியக் கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று நிறமும் முறுக்கிச் சாயம் தோய்த்த பனியன்களையும் அனுப்பினார்கள். மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது, பழைய சோவியத் குடியரசுகளின் கூட்டணி. அதை 82-78 என்று வென்று, அந்தப் பனியன்களோடு அவர்கள் பதக்க மேடையில் ஏறினார்கள். என்.பி.ஏ.யின் சம்பளமும் என்.பி.ஏ.யில் கிடைத்த பரிச்சயமும் இல்லாதிருந்தால் அந்த அணி பார்சிலோனாவுக்கு வந்து சேர்ந்திருக்கவே முடியாது. வெளிநாட்டுச் சம்பளம் தேசபக்தியைக் கெடுத்துவிடும் என்று முன்பு சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

அந்தக் கோடையில் அர்ஜென்டினாவின் பஹியா பிளாங்கா என்ற துறைமுகப் பட்டணத்தில் மனு ஜினோபிலி என்ற சிறுவனுக்கு வயது பதினைந்து. ஜெர்மனியில் டிர்க் நோவிட்ஸ்கிக்குப் பதினாலு. பாவ் கசோலுக்குப் பன்னிரண்டு; அவன் பார்சிலோனா நகரத்திலேயே பிறந்தவன். பத்து வருஷம் கழித்து, 2002ஆம் வருஷத்து உலகப் போட்டியில், இந்தத் தலைமுறை தன் கணக்கைத் தீர்க்க வந்தது. போட்டி நடந்ததோ அமெரிக்காவில், ஷ்மிட் வென்ற அதே இண்டியானாபொலிஸில். என்.பி.ஏ. ஆட்டக்காரர்களைக் கொண்ட அமெரிக்க அணி அதுவரை 58 சர்வதேச ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்றதில்லை; அர்ஜென்டினா அதை 87-80 என்று தோற்கடித்தது. அமெரிக்கா ஆறாவது இடத்தில் முடிந்தது. இரண்டு வருஷங்களில் ஏதன்ஸ் ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோ 92-73 என்று அமெரிக்காவை வீழ்த்தியது. அரை இறுதியில் அர்ஜென்டினா மறுபடியும் வென்று, முடிவில் தங்கத்தையும் பெற்றது.

இதற்கு ஆட்ட விதிகளின் வேற்றுமை ஒரு காரணம். அக்காலத்தில் சர்வதேச ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.25 மீட்டரில் இருந்தது, என்.பி.ஏ.யில் அது பெரும்பாலும் 7.24 மீட்டர். வளையத்தைத் தொட்டுவிட்ட பந்தை, அது வளையத்தின் மேலேயே துள்ளிக்கொண்டிருந்தாலும், எவரும் தட்டிவிடலாம் என்பது சர்வதேச விதி. அமெரிக்காவில் அது குற்றம். ஆளுக்கு ஆள் காவல் நிற்காமல் இடத்துக்கு இடம் காவல் நிற்கிற ‘ஜோன்’ முறையை என்.பி.ஏ. 2001ஆம் வருஷம் வரையில் தடுத்து வைத்திருந்தது. ஆயினும் இவற்றைக் காட்டிலும் பெரிய காரணம் வேறு. தனிக்கச்சேரி செய்யவல்ல பன்னிரண்டு வித்துவான்களை ஒரே மேடையில் அமர்த்திவிட்டால், பல வருஷம் சேர்ந்து வாசித்த ஒரு கோஷ்டியின் இசைவு அவர்களுக்கு அந்த ஒரு மாலையில் வந்துவிடாது. ஜினோபிலியும் பெப்பே சான்செஸும் மான்டெக்கியாவும் ஒரே ஊர்க்காரர்கள். மற்றவர்களிலும் பெரும்பாலோர் இளைஞர் அணிக் காலத்திலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அமெரிக்காவிலோ 2004க்கு அழைக்கப்பட்ட முதல்தர ஆட்டக்காரர் பலர் மறுத்துவிட, ஒருவர்பின் ஒருவராக மாற்றாட்களைத் தேடி, புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு சேர்த்த அணி அது.

2006ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி ஜப்பானின் சாய்தாமா அரங்கத்தில் நடந்த உலகப் போட்டி அரை இறுதி இந்த உண்மையைப் படம்பிடித்தாற்போலக் காட்டுகிறது. கிரேக்க அணியின் பன்னிருவரில் எவரும் அப்போது என்.பி.ஏ. அணியில் ஆடிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் செய்ததோ மிக எளிய ஒரு காரியம். மலைபோன்ற தேகமுடைய ஸ்கோர்ட்சானிடிஸ் மேலே வந்து, பந்து வைத்திருக்கும் பாபலூகாஸின் காவலாளிக்குக் குறுக்கே அசையாமல் நிற்பார். பாபலூகாஸ் அவருடைய தோளை உரசினாற்போல் வளைந்து செல்வார். இரண்டு அமெரிக்கர்களும் பந்தைத் தொடர்ந்தால் ஸ்கோர்ட்சானிடிஸ் திரும்பிக் கூடைக்குக் கீழே ஓடுவார், பந்து அவர் கையில் வந்து விழும். ஒருவர் அவரோடு போய்விட்டால் பாபலூகாஸுக்கு வழி திறக்கும். மூன்றாமவர் உதவிக்கு வந்தால் மூலையில் ஸ்பனூலிஸ் காத்திருப்பார். ‘பிக் அண்டு ரோல்’ என்று எல்லாப் பள்ளிக்கூட மைதானத்திலும் கற்றுக்கொடுக்கிற உத்திதான் அது. அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். லெப்ரான் ஜேம்ஸும் டுவெயின் வேடும் கார்மெலோ அந்தோணியும் கடைசி வரையில் அதற்கு மாற்றுக் கண்டுபிடிக்கவில்லை. 101-95.

அமெரிக்கர் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். 2005இல் ஜெர்ரி கொலாஞ்ஜெலோ என்ற நிர்வாகியிடம் தேசிய அணியின் முழுப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஓர் அணி என்ற வழக்கம் ஒழிந்து, மூன்று வருஷத்துக்கு வாக்குக் கொடுப்பவரே வரலாம் என்று அவர் நிபந்தனை விதித்தார். பல்கலைக்கழகப் பயிற்சியாளரான மைக் ஷிஷெவ்ஸ்கி நியமிக்கப்பட்டார். சாய்தாமா அந்த முயற்சியின் முதல் கோடை. 2008இல் பெய்ஜிங்கில் ஸ்பெயினை 118-107 என்று வென்றது அதன் கனி. அங்கிருந்து 2024ஆம் வருஷத்து பாரிஸ் வரையில் ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள் தொடர்ந்து வந்தன. ஆனால் ஒலிம்பிக் அல்லாத உலகக் கோப்பையில், பெரிய பெயர்கள் வராத வருஷங்களில், 2019இல் ஏழாவது இடமும் 2023இல் நாலாவது இடமுமே கிடைத்தன. 2023இல் கோப்பையை வென்ற ஜெர்மனியும் பல கோடைகளை ஒன்றாகக் கழித்த அணியே.

இனி வழக்கின் மற்றொரு பக்கத்துக்கு வருவோம். ஆட்டக்காரனுடைய கை கால்களே அவனுடைய முதல். அவற்றின்மேல் கிளப் பல கோடி டாலர் முடக்கியிருக்கிறது. 2014ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி, லாஸ் வேகாஸில், அமெரிக்க அணியினர் தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து ஆடிய ஒத்திகை ஆட்டத்தில், ஜேம்ஸ் ஹார்டனின் பந்தைத் தடுக்கப் பின்னாலிருந்து பாய்ந்த பால் ஜார்ஜ், கூடையைத் தாங்கும் கம்பத்தின் அடிப்பாகத்தில் கால் பட்டு இறங்கினார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆட்டம் அங்கேயே நிறுத்தப்பட்டது. அவருக்குச் சம்பளம் கொடுத்த இண்டியானா பேஸர்ஸ் அணி அடுத்த சீசனில் ஏப்ரல் வரையில் அவர் இல்லாமல் ஆட நேர்ந்தது. லாபம் ஒலிம்பிக் குழுவுக்கு, நஷ்டம் எங்களுக்கா என்று கிளப் உரிமையாளர் பக்கத்திலிருந்து அப்போது எழுந்த கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அதே பால் ஜார்ஜ் இரண்டு வருஷம் கழித்து ரியோ ஒலிம்பிக்குக்குத் தாமாகவே வந்து தங்கம் வென்றார் என்பதையும் அக்கேள்வியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

2023இல் மணிலாவில் நடந்தது இதைவிடக் கொடிது. தென் சூடானோடு ஆடிய ஆட்டத்தில் செர்பியாவின் போரிஷா சிமானிச்சின் இடுப்பில் ஒரு முழங்கை பட்டது. அதில் தீய நோக்கம் ஏதுமில்லை. சில நாட்களில் அவர் ஒரு சிறுநீரகத்தை இழந்தார். தோழர்கள் இறுதி ஆட்டம் வரையில் சென்று வெள்ளி பெற்றார்கள். ஒரு தேசத்துக்காக ஆடுவது என்பது தேகத்தைப் பணயம் வைப்பதே என்பதை உணராமல், வர மறுத்த ஆட்டக்காரனைத் துரோகி என்று தூற்றுகிற பத்திரிகைக்காரர்களோடு நான் உடன்படவில்லை.

சீனாவின் அநுபவம் வேறு வகையானது. அங்கே அழைப்பு, கட்டளையாகவே இருந்தது. என்.பி.ஏ.யில் ஆடிய முதல் சீனரான வாங் ஜீஜீ 2002ஆம் வருஷத்துக் கோடையில் பயிற்சி முகாமுக்குத் திரும்ப மறுத்ததனால் தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டார். 2006இல்தான் மன்னிப்புக் கோரித் திரும்பினார். அதே 2002இல் ஹூஸ்டனுக்குப் போன யாவ் மிங், அழைக்கும்போதெல்லாம் வருவேன் என்ற உறுதியைக் கொடுத்துவிட்டே போனார், அதைக் காப்பாற்றவும் செய்தார். குளிர்காலம் முழுவதும் என்.பி.ஏ., கோடை முழுவதும் சீனா என்று, 2.29 மீட்டர் உயரமுள்ள அந்தத் தேகத்துக்கு ஓய்வே இல்லாமற்போயிற்று. 2008 பிப்ரவரியில் இடது பாதத்து எலும்பில் விரிசல் கண்டு சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், ஆகஸ்டில் பெய்ஜிங்கில் கொடியைத் தாங்கி முன்னே நடந்தார். அடுத்த வருஷம் அதே பாதம் மறுபடியும் முறிந்தது. 2011இல், முப்பது வயதில், அவர் ஆட்டத்தைவிட்டே விலகினார். ஓய்வற்ற அந்த வருஷங்களே பாதத்தைத் தின்றன என்று கருதுகிறவர்கள் பலர். நானும் அப்படியே கருதுகிறேன்.

இந்த இரண்டு உரிமைகளுக்கும் நடுவே இப்போது நிலவுகிற சமாதானம், ஒப்பந்தத்தாலும் இன்ஷூரன்ஸாலும் ஆனது. கோடையில் நடக்கிற பெரிய போட்டிகளுக்குத் தன் ஆட்டக்காரன் போவதை என்.பி.ஏ. கிளப் தடுக்கக்கூடாது, தக்க மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அவன் காயமுற்றால் கிளப் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கு ஈடாகத் தேசிய சங்கம் முன்கூட்டியே இன்ஷூரன்ஸ் செய்து பிரீமியம் கட்ட வேண்டும். ஏட்டில் இது நியாயமான ஏற்பாடு. நடைமுறையில், கோடிக்கணக்கான டாலர் சம்பளத்துக்கான பிரீமியத்தைப் பணக்காரச் சங்கம் எளிதில் கட்டிவிடும். ஏழைச் சங்கத்துக்கு அது மலைப்பு. ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகாத கோடையில் இருப்பவனுக்கோ, முன்பே காயம் பட்டவனுக்கோ சிக்கல் இன்னும் பெரிது; ஆசையிருந்தும் அவன் வீட்டில் உட்கார்ந்திருக்க நேரிடுகிறது.

எந்தத் தேசத்துக்கு ஆடுவது என்பதிலும் இந்த முப்பது வருஷங்களில் புதிய சிக்கல்கள் முளைத்திருக்கின்றன. பதினாறு வயதுக்குப் பின் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரில் ஒருவருக்கு மட்டுமே ஓர் அணியில் இடமுண்டு என்பது பொது விதி. கேமரூனில் பிறந்த ஜோயல் எம்பீட் 2022இல் பிரெஞ்சுக் குடியுரிமையும் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்று, முடிவில் அமெரிக்காவையே தேர்ந்தெடுத்தார். பாரிஸில் அவர் கையில் பந்து வந்தபோதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்று நாடுகள் ஒருவனை உரிமை கொண்டாடும்போது அவனே தீர்ப்பளிப்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தைத் தென் சூடான் தருகிறது. லுவோல் டெங் அந்நாட்டின் வாவ் நகரத்தில் பிறந்து, யுத்தத்துக்குத் தப்பி எகிப்துக்கும் பின் இங்கிலாந்துக்கும் போய், சிகாகோ புல்ஸ் அணியில் புகழ் பெற்று, 2012இல் பிரிட்டனுக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர். 2011இல் சுதந்தரம் பெற்ற தம் ஜன்மபூமியின் கூடைப்பந்தாட்ட சங்கத்துக்கு அவர் பிற்பாடு தலைவரானார். கூரையிட்ட மைதானமே இல்லாத அந்நாட்டுக்காக, உலகமெங்கும் அகதிகளாகச் சிதறி வளர்ந்த இளைஞர்களைத் தேடிப்பிடித்துத் தம் கைப்பணத்தையும் செலவிட்டு ஓர் அணியை உருவாக்கினார். 2024 ஜூலையில் லண்டனில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அமெரிக்கா அவர்களை 101-100 என்றுதான் வெல்ல முடிந்தது, அதுவும் கடைசி எட்டு வினாடிகளில் லெப்ரான் ஜேம்ஸ் போட்ட கூடையினால். சில நாட்களில் பிரான்ஸின் லீல் நகரத்தில் அவர்களுடைய முதல் ஒலிம்பிக் ஆட்டத்துக்கு முன்பு, அதிகாரிகள் தவறுதலாக சூடான் நாட்டின் கீதத்தை வாசிக்கச் செய்துவிட்டார்கள். எந்த ராஜ்யத்திலிருந்து பிரிந்து வருவதற்காக அவர்களுடைய பெற்றோர் உயிரைக் கொடுத்தார்களோ, அந்த ராஜ்யத்தின் கீதம்! ஆட்டக்காரர்கள் நெஞ்சில் கைவைத்தபடி அசையாமல் நின்றார்கள். சரியான கீதம் ஒலித்த பிறகு ஆடத் தொடங்கி, போர்ட்டோ ரிக்கோவை 90-79 என்று வென்றார்கள்.

மாதர் ஆட்டத்தில் சம்பளத்துக்கும் சுதேசத்துக்கும் உள்ள வழக்கு பெருமளவுக்குச் சமரசமாகத் தீர்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க மாதர் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. கோடையில் நடப்பது, ஒலிம்பிக் வரும்போது லீகையே ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்தி வைக்கிறார்கள். 2024இலும் அப்படியே செய்தார்கள். பாரிஸில் நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், பிரெஞ்சு அணியின் காபி வில்லியம்ஸ் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. ஆனால் அவர் கால்விரல் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தபடியால் மூன்று புள்ளி இரண்டாகி, அமெரிக்கா 67-66 என்று தன் எட்டாவது தொடர் தங்கத்தைப் பெற்றது. வில்லியம்ஸே அமெரிக்காவில் பிறந்து, பிரெஞ்சுத் தாயின் வழியாக பிரான்ஸுக்கு ஆடுகிறவர். அவ்வளவு நெருங்கிய ஆட்டம் நடக்க முடிந்ததற்கு, இரு பக்கத்திலும் வர வேண்டியவர்கள் வந்திருந்ததும் ஒரு காரணம்.

ஆடவர் ஆட்டத்தில் அந்த இணக்கம் வரவில்லை. 2017 நவம்பர் முதல் உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களைச் சர்வதேச சம்மேளனம் வருஷத்தின் பல பகுதிகளில் சிறு சிறு தவணைகளாக நடத்தி வருகிறது; தேசிய அணி சொந்த மண்ணில், சொந்த ஜனங்கள் முன்னிலையில் ஆட வேண்டும் என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் நவம்பரும் பிப்ரவரியும் கிளப் சீசனின் நடுப்பகுதி. என்.பி.ஏ. தன் ஆட்டக்காரர்களை விடுவதில்லை. ஐரோப்பாவின் முதல்தரக் கிளப்புகளும் விட மறுக்கின்றன. அமெரிக்கா இத்தவணைகளுக்கு இரண்டாந்தர லீகின் ஆட்டக்காரர்களை அனுப்பிச் சமாளிக்கிறது. அத்தனை ஆள்பலம் இல்லாத நாடுகள் தவிக்கின்றன. 2022 செப்டம்பரில் பிரேசிலை அதன் மண்ணிலேயே வென்று அமெரிக்கக் கண்டத்தின் சாம்பியனான அர்ஜென்டினா, ஐந்தே மாதங்களில், மார் டெல் பிளாட்டாவில் டொமினிக்கன் குடியரசிடம் தோற்று, 2023 உலகக் கோப்பைக்கே தகுதி பெறாமற்போயிற்று. ஆட்டத்தில் தோற்பது ஆட்டத்தின் இயல்பு. ஆனால் தேசத்தின் சிறந்த அணி எது என்று எவரும் அறிய முடியாத ஒரு பிப்ரவரி மாலையில் உலகக் கோப்பையின் வாசல் திறப்பதும் அடைபடுவதும் ஸ்டான்கோவிச் கேட்டதற்கு மாறானது.

இதற்குப் பரிகாரம் எட்டாத இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என்.பி.ஏ.யே பிப்ரவரியில் தன் நட்சத்திர ஆட்ட விழாவுக்காகச் சுமார் ஒரு வாரம் லீக் ஆட்டங்களை நிறுத்தி வைக்கிறது. அந்த விடுமுறையை இன்னும் நாலைந்து நாள் நீட்டி, சம்மேளனத்தின் பிப்ரவரித் தவணையை அதற்குள் அமைத்து, ஏழைச் சங்கங்களின் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை உலகக் கோப்பையின் வருமானத்திலிருந்து கட்டுவதென்று இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டால், நவம்பர் ஆட்டங்களை முழுவதுமே கோடைக்கு நகர்த்திவிடலாம். கிளப்புகளின் பக்கத்தில் எட்டுப் பத்து நாள் வருமானம் தள்ளிப்போகும். மறுபக்கத்தில், வருஷத்தில் ஒரு முறையேனும் அர்ஜென்டினாக்காரன் மார் டெல் பிளாட்டாவிலும் லிதுவேனியன் கௌனாஸிலும் தன் முழு அணியைத் தன் ஊரிலேயே காண்பான்.